“எங்களுக்கு ஆட்சேபம் இல்லை”: ஒருவர் சார்பாக விளம்பர மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதுவது குறித்த நிகழ்வு ஆய்வு

மும்பை செம்பூரின் செட்டா நகரில் வசிக்கும் சமையல் கலைஞர் ஒருவருக்கு விளம்பர வாய்ப்பு, ஆதரவு, நேர்காணல் என்று பல வகையில் மின்னஞ்சல்கள் வருகின்றன. அவற்றுக்கு அவர் சார்பாகப் பதில் எழுதும் பொறுப்பை 2024 மார்ச் மாதம் நான் ஏற்றுக்கொண்டேன். ஏற்ற மூன்று மாதங்களில், மூன்றே வரிகள் கொண்ட ஒரு பதிலால், அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டாத ஒரு பொருளின் துண்டறிக்கையில் அவருடைய படம் அச்சாகிக் கடைகளுக்குப் போய்விட்டது. பிழை என்னுடையது. அது எப்படி நேர்ந்தது, எப்படிச் சரிசெய்யப்பட்டது, அதன் பிறகு பதில் எழுதும் முறையில் என்னென்ன மாறின என்பதை இங்கே முழுமையாக எழுதி வைக்கிறேன். பெரிய நடிகர்களுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் இந்த வேலைக்கென்று அலுவலகங்கள் இருக்கின்றன. நம்மவர்களில் பாடுகிறவர், ஆடுகிறவர், சமைத்துக் காட்டுகிறவர் பலருக்கு மகளோ மருமகனோ தெரிந்த பிள்ளையோதான் இதைச் செய்து கொடுக்கிறார்கள். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

அஞ்சல் பெட்டி இருந்த நிலை

அம்மையார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருமணமாகி மும்பைக்கு வந்தவர், அறுபதை நெருங்குகிறார். 2020 ஊரடங்கின்போது மகன் கைப்பேசியில் எடுத்துப் போட்ட சொதி, கூட்டாஞ்சோறு, உளுந்தங்களி ஆகிய மூன்று காணொளிகளில் தொடங்கி அவருடைய யூடியூப் பக்கம் வளர்ந்தது. மகன் வேலை மாறிப் புணே சென்றதும், மின்னஞ்சலைப் பார்க்க வீட்டில் ஆள் இல்லாமல் போயிற்று. அம்மையார் தமிழ் நன்றாகப் படிப்பார், இந்தி பேசுவார், மராத்தி புரியும்; ஆங்கிலக் கடிதங்களைத் தாமாகப் படித்துப் பதில் எழுத அவருக்கு வழக்கமில்லை. நான் சயான் கோலிவாடாவில் இருந்துகொண்டு இரண்டு கர்நாடக இசைக் கலைஞர்களுக்குக் கச்சேரித் தேதி, பயணச்சீட்டு, சபாக்களுடன் கடிதப் போக்குவரத்து ஆகியவற்றைக் கவனித்து வந்தேன். விளம்பரத் துறை எனக்குப் புதிது. அக்கா என்று நான் அழைக்கும் அவர், “தம்பி, வர்ற காயிதத்துக்கு ஒரு பதில் போட்டுரு, பெரிய வேலை இருக்காது” என்று சொல்லித்தான் இந்தப் பொறுப்பைக் கொடுத்தார்.

முதல் நாள் பெட்டியைத் திறந்தபோது திறக்கப்படாத கடிதங்கள் 214 இருந்தன. இரண்டு மாலைகள் உட்கார்ந்து பிரித்ததில், பணம் கொடுத்து விளம்பரம் கேட்பவை, பணம் இல்லாமல் பொருளை மட்டும் கொடுக்க முன்வருபவை (துறையில் இதைப் பார்ட்டர் என்கிறார்கள்), செய்தியாளர்களும் நிகழ்ச்சி அமைப்பாளர்களும் அழைப்பவை, காசு வாங்கிக்கொண்டு விருது தர முன்வருபவை, ஏமாற்றும் நோக்கத்தோடு வந்தவை என்று ஐந்து வகை தெரிந்தது. எல்லோருக்கும் ஒரே வாசகத்தை அனுப்பும் கூட்டக் கடிதங்களில் அம்மையாரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பக்கத்தின் பெயர் அப்படியே ஒட்டப்பட்டிருந்தது. அவற்றைத் தள்ளிவிட்டபின் உண்மையாகப் பதில் தேவைப்பட்டவை நாற்பதுக்கும் குறைவு. அந்த நாற்பதில் சில எட்டு மாதப் பழையவை. பதில் கிடைக்காத ஒரு நிறுவனம், “உங்களுக்கு விருப்பமில்லை என்றாலும் ஒரு வரி எழுதியிருக்கலாம்” என்று இரண்டாவது கடிதம் எழுதியிருந்தது. அந்த வரி என்னை உறுத்தியது. அதன் பிறகு எந்தக் கடிதமும் இரண்டு வேலை நாளுக்கு மேல் பதில் இல்லாமல் கிடக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். அந்த முடிவு நல்லதுதான். ஆனால் விரைவாகப் பதில் எழுதுவதே என் வேலை என்று நான் எண்ணிக்கொண்டதில்தான் பிழை தொடங்கியது.

அரிசி நிறுவனத்தின் கடிதம்

ஜூன் மாதம் ஒரு நிறுவனம் எழுதியது. சர்க்கரை நோயாளிகள் அச்சமின்றிச் சாப்பிடலாம் என்று சொல்லி ஒரு வகை அரிசியை அது விற்று வந்தது. இரண்டு முழுக் காணொளி, நான்கு ரீல், கட்டணம் 45,000 ரூபாய், அன்று மாலை ஆறு மணிக்குள் விருப்பத்தைத் தெரிவித்தால் அந்த மாதத் திட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள் என்பது கடிதத்தின் சாரம். அதுவரை அம்மையாருக்கு வந்தவற்றில் அதுதான் மிகப் பெரிய தொகை. ஜி.டி.பி. நகர் ரயில் நிலையத்தில் பன்வேல் வண்டிக்காக நின்றுகொண்டே கைப்பேசியில் பதில் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதிய அதன் தமிழ் வடிவம் இது:

“அம்மையாருக்கு உங்கள் தயாரிப்பில் மிகுந்த விருப்பம் உள்ளது. நீங்கள் குறிப்பிட்டுள்ள தொகை குறித்து எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. மேற்கொண்டு செய்ய வேண்டியதைத் தெரிவிக்கவும்.”

அம்மையாரிடம் அந்த அரிசியைப் பற்றி நான் ஒரு வார்த்தை கூடப் பேசியிருக்கவில்லை. முதல் வரி உண்மையல்ல. இரண்டாம் வரியில் உள்ள ‘எங்களுக்கு’ என்ற சொல்லில் அவரும் அடங்குகிறார் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வதே இயல்பு. மூன்றாம் வரி, பேச்சு முடிந்தது, வேலையைத் தொடங்கலாம் என்ற பொருளைத் தருகிறது. போதாததற்கு, கடிதத்தின் அடியில் என் பெயரைப் போடாமல், மகன் காலத்திலிருந்து பெட்டியில் சேமித்து வைக்கப்பட்டிருந்த அம்மையாரின் பெயரே விழும்படி விட்டுவிட்டேன். பெற்றுக்கொண்டவரைப் பொறுத்தவரை அம்மையாரே தம் பெயரில் எழுதிய சம்மதக் கடிதம் அது.

ஐந்தாம் நாள் அம்மையாரிடமிருந்து தொலைபேசி வந்தது. செம்பூர்ச் சந்தையில் வழக்கமாக மளிகை வாங்கும் கடைக்காரர், விற்பனையாளர்களுக்கென்று அச்சிட்ட துண்டறிக்கை ஒன்றை அவரிடம் காட்டியிருக்கிறார். அதில் அவருடைய படமும், ‘சர்க்கரை ஏறாது’ என்ற வாசகமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. “தம்பி, நான் எப்ப அரிசிக்குச் சரின்னு சொன்னேன்?” என்று மட்டும் கேட்டார். நேரில் போனேன். அவருடைய கணவருக்கு நெடுங்காலமாகச் சர்க்கரை நோய். சில ஆண்டுகளுக்கு முன் விளம்பரத்தை நம்பி ஏதோ ஒரு பொடியைச் சாப்பிட்டு, மாத்திரையை இரண்டு மாதம் நிறுத்திவிட்டதால், கடைசியில் ஒரு கால்விரலை எடுக்க வேண்டியதாயிற்று. துண்டறிக்கையை அவர் சமையல் மேடையில் கவிழ்த்து வைத்திருந்தார். கணவர் கண்ணில் படக் கூடாது என்பதற்காக அப்படி வைத்ததாகச் சொன்னார்.

பதிலின் சட்டப் பொருள்

அன்றிரவே நிறுவனத்துக்கு மறுப்பு எழுதினேன். உங்கள் கடிதத்தை நம்பித்தான் அச்சடித்தோம், ஒப்பந்தம் ஏற்பட்டாயிற்று என்று பதில் வந்தது. மின்னஞ்சல் வெறும் பேச்சுத்தானே, கையொப்பம் இல்லையே என்று நான் எண்ணியிருந்தேன். தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் அந்த எண்ணத்தை மாற்றினார். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008 திருத்தத்தின் வழியாகச் சேர்க்கப்பட்ட 10ஏ பிரிவு, மின்னணு வடிவில் நடந்தது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்கிறது. டிரைமெக்ஸ் இன்டர்நேஷனல் நிறுவனத்துக்கும் வேதாந்தா அலுமினியம் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், மின்னஞ்சல் பரிமாற்றத்திலேயே முக்கிய நிபந்தனைகள் ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தால், முறையான பத்திரம் எழுதப்படவில்லை என்றாலும் ஒப்பந்தம் உண்டு என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

எனக்கு அதிகாரம் இல்லை என்ற வாதமும் நான் நினைத்த அளவுக்கு உதவாது என்று அவர் விளக்கினார். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 237ஆவது பிரிவின்படி, முகவர் தம் அதிகார எல்லைக்குள்தான் செயல்படுகிறார் என்று மூன்றாம் நபர் நம்பும்படி முதல்வர் தம் சொல்லாலோ நடத்தையாலோ செய்திருந்தால், முகவரின் செயல் முதல்வரைக் கட்டுப்படுத்தும். முதல்வர் என்றால் இங்கே அம்மையார், முகவர் நான். தம் பெயரில் உள்ள பெட்டியை என்னிடம் முழுவதும் ஒப்படைத்து, அவர் பெயரிலேயே பதில் போக விட்டது அத்தகைய நடத்தை என்று எதிர்த்தரப்பு வாதிட முடியும்.

எங்களுக்குச் சாதகமாக இருந்தது வேறொன்று. அதே சட்டத்தின் 7ஆவது பிரிவு, ஏற்பு என்பது முழுமையாகவும் நிபந்தனையற்றும் இருக்க வேண்டும் என்கிறது. பொருள் நிச்சயமில்லாத உடன்பாடு செல்லாது என்பது 29ஆவது பிரிவு. படத்தைப் பயன்படுத்தும் உரிமை பற்றியோ, எத்தனை மாதம் என்பது பற்றியோ, துண்டறிக்கை அச்சிடுவது பற்றியோ நிறுவனத்தின் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. காணொளிக்கு ஒப்புக்கொண்டதாகவே வைத்தாலும், துண்டறிக்கைக்கு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அதைவிட வலுவானது வாசகத்தின் நிலை. உணவுப் பொருள் நோயைத் தடுக்கும், குணப்படுத்தும் என்று அனுமதி இல்லாமல் விளம்பரம் செய்ய உணவு பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விளம்பர ஒழுங்குமுறைகள் இடம் கொடுப்பதில்லை. ‘சர்க்கரை ஏறாது’ என்பதற்கு ஆதாரம் கேட்டோம். வந்தது ஒரு பக்கத் தாள். எந்த ஆய்வகம், எந்தத் தேதி என்பது அதில் இல்லை. ஓர் உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு விரைவாக ஏற்றுகிறது என்பதைக் காட்டும் கிளைசிமிக் குறியீடு 55 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் குறைவு என்பது வழக்கம். ஆனால் அந்த எண் சோற்றை எவ்வளவு வேகவைக்கிறோம், எதனோடு சாப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து மாறும், அளவு கூடினால் குறைந்த குறியீட்டு அரிசியும் சர்க்கரையை ஏற்றும். “அரிசி எதுவா இருந்தா என்ன, சோறு சோறுதான்” என்று அம்மையார் ஆய்வு எதுவும் படிக்காமல் சொன்னது நிறுவனத்தின் தாளைவிடச் சரியாக இருந்தது.

வழக்கறிஞர் இரண்டு கடிதங்கள் எழுதினார். துண்டறிக்கைகளைத் திரும்பப் பெற நிறுவனம் ஒப்புக்கொண்டது. அச்சுச் செலவில் பாதியை நான் என் கையிலிருந்து கொடுத்தேன். சட்டப்படி கொடுக்க வேண்டியதில்லை என்று வழக்கறிஞர் சொன்னார். அந்த நிறுவனத்தின் வாசகம் தவறானது என்பது ஒரு விஷயம்; என் கடிதத்தைப் படித்த அவர்களுடைய ஊழியர் அதை நம்பியது வேறு விஷயம். நான் பொய்யாக எழுதிய முதல் வரிக்கு அவர் பொறுப்பல்ல.

மாற்றி அமைத்த முறை

என் அப்பா பல்லார்ட் எஸ்டேட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்தவர். மாட்டுங்காவில் சுருக்கெழுத்தும் தட்டச்சும் படித்துக்கொண்டு கோட்டைப் பகுதி அலுவலகங்களுக்கு வேலைக்குப் போன தமிழர்கள் அந்தத் தலைமுறையில் ஏராளம். அவர் வைத்திருந்த கார்பன் நகல்களின் இடது கீழ் மூலையில், ஒரு சாய்கோட்டின் இருபுறமும் இரண்டு ஜோடி எழுத்துகள் இருக்கும்: கடிதத்தைச் சொன்ன அதிகாரியின் முதலெழுத்துகள் பெரிதாக, அடித்தவரின் முதலெழுத்துகள் சிறிதாக. அதிகாரிக்குப் பதிலாக வேறொருவர் கையெழுத்துப் போட்டால் அதற்கு முன்னால் ‘பி.பி.’ என்று எழுதியிருப்பார்கள். யார் சொன்னது, யார் அடித்தது, யார் கையெழுத்திட்டது என்பது தாளிலேயே தெரிந்துவிடும். மின்னஞ்சலில் அந்தச் சிறிய எழுத்துகள் காணாமல் போய்விட்டன. ஒரே பெட்டியிலிருந்து யார் எழுதினாலும் ஒரே பெயர்தான் விழுகிறது. நான் முதலில் மாற்றியது இதைத்தான். இப்போது எல்லாக் கடிதமும் என் பெயரில், ‘அம்மையார் சார்பாக’ என்ற சொற்களோடு போகிறது. ‘நான்’ என்று எழுதினால் அது நானே. அவர் சொன்னதை எழுதும்போது ‘அம்மையார் தெரிவித்தது’ என்று தனியாக எழுதுகிறேன்.

இரண்டாவதாக, என் அதிகாரம் என்ன என்பதைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி அவரிடம் கையொப்பம் வாங்கினேன். கடிதம் கிடைத்ததைத் தெரிவிக்கலாம், விவரம் கேட்கலாம், அவர் ஏற்கெனவே வேண்டாம் என்று சொன்ன வகைப் பொருள்களுக்கு நன்றி சொல்லி மறுக்கலாம். இந்த மூன்றும் என்னால் ஆகும். சம்மதம், தொகை, தேதி ஆகிய மூன்றும் அவருடையவை. புதன், சனி இரு நாளும் செம்பூர் போய், வந்த கடிதங்களைத் தமிழில் வாசித்துக் காட்டி, அவர் சொல்வதை ஒரு நோட்டில் அவர் சொற்களிலேயே எழுதிக்கொள்கிறேன்.

மூன்றாவது, எந்தக் கட்டண விசாரணைக்கும் போகும் முதல் பதில். பலமுறை திருத்தி இப்போது நிலைத்திருக்கும் வடிவம் இது:

“வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது, நன்றி. நான் அம்மையாரின் கடிதப் போக்குவரத்தைக் கவனிப்பவன். எந்த ஏற்பாட்டுக்கும் அவர் சார்பாகச் சம்மதம் தெரிவிக்கும் அதிகாரம் எனக்கு இல்லை. கீழே கேட்டிருப்பவற்றுக்கு விடை வந்ததும் அவரிடம் வாசித்துக் காட்டி, அவருடைய முடிவை எழுத்தில் தெரிவிப்பேன். அவர் கையொப்பமிட்ட உடன்படிக்கை உங்களிடம் வரும்வரை அவருடைய பெயர், படம், குரல் எதையும் எங்கும் பயன்படுத்த வேண்டாம்.”

இதன் கீழ் வரும் கேள்விகள் பொருளுக்கு ஏற்ப மாறும். உணவுப் பொருளானால் பொட்டலத்தில் உள்ள 14 இலக்க உணவு பாதுகாப்பு உரிம எண்ணைக் கேட்போம். காணொளியில் அம்மையார் சொல்ல வேண்டும் என்று நிறுவனம் விரும்பும் வாசகங்களை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் கேட்போம். அம்மையார் எடுத்த காட்சியை நிறுவனம் தன் பக்கத்தில், கடைப் பலகையில், தொலைக்காட்சியில் எங்கெல்லாம் எத்தனை மாதம் பயன்படுத்தப் போகிறது என்பதும், போட்டிப் பொருளை எத்தனை நாள் தொடக் கூடாது என்று எதிர்பார்க்கிறது என்பதும் தொகை பேசுவதற்கு முன்பே தெரிந்தாக வேண்டும். பல கடிதங்களில் ‘எல்லா ஊடகங்களிலும், காலவரம்பின்றி’ என்ற சொற்றொடர் ஒரு மூலையில் இருக்கும். நல்லெண்ணெய் நிறுவனம் ஒன்றின் கடிதத்தில் அதை ‘மூன்று மாதம், இணையத்தில் மட்டும்’ என்று மாற்றிக் கேட்டபோது மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்கள்.

இத்தனை கேள்வி கேட்டால் நிறுவனங்கள் ஓடிவிடும் என்ற அச்சம் எனக்கு இருந்தது. சில பதில் எழுதாமல் போயின. அவை போனதில் எனக்கு வருத்தமில்லை. கேள்விக் கடிதத்துக்கு வேறொரு பயனும் உண்டு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, பொய்யான அல்லது தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் பரிந்துரைப்பவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கவும், ஓராண்டு வரை பரிந்துரை செய்வதிலிருந்தே தடை செய்யவும் இடமளிக்கிறது. அதே பிரிவு, வாசகத்தின் உண்மையை உரிய கவனத்தோடு சரிபார்த்த பரிந்துரையாளருக்கு அந்தப் பொறுப்பு இல்லை என்றும் சொல்கிறது. சரிபார்த்தோம் என்பதற்கு எங்களிடம் இருக்கும் சான்று, நாங்கள் கேட்ட கேள்வியும் அவர்கள் அனுப்பிய விடையும்தான். ஆகவே அந்தக் கடிதங்களை அழிப்பதில்லை. பொருளின் பெயரில் தனி உறையில் வைத்திருக்கிறோம்.

புதிய முறை முழுவதும் முதன்முறையாகப் பயன்பட்டது இரும்புத் தோசைக்கல் செய்யும் ஒரு நிறுவனத்தின் கடிதத்தில். தொகை பற்றிப் பேசுவதற்கு முன் கல்லை ஒரு மாதம் வீட்டில் பயன்படுத்திப் பார்க்க வேண்டும் என்று அம்மையார் சொன்னார். கல் வந்தது. கஞ்சித் தண்ணீரில் ஊறவைத்து, தேய்த்துக் கழுவி, நல்லெண்ணெய் தடவி வெயிலில் வைத்து, வெங்காயத்தை வெட்டித் தேய்த்துப் பழக்கினார். முதல் வாரம் தோசை ஒட்டியது. மூன்றாவது வாரம், மெல்லிய தோசை ஓரம் தானே எழும்பி வந்தபோது எனக்குத் தட்டில் போட்டுக் கொடுத்துவிட்டு, “கல்லு நல்லா இருக்கு, கைப்பிடிதான் சுடுது, அதையும் சொல்லித்தான் ஆகணும்” என்றார். அதை அப்படியே நிறுவனத்துக்கு எழுதினேன். துணி பிடித்துத்தான் தூக்க வேண்டும் என்பதைக் காணொளியில் சொல்வதற்கு அவர்கள் தடை சொல்லவில்லை. அடுத்த தொகுதியில் மரப்பிடி போடப் போவதாகவும் எழுதினார்கள்.

கட்டணம் வாங்கிய காணொளி என்பதை எப்படித் தெரிவிப்பது என்பதையும் அப்போதே முடிவு செய்தோம். இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றத்தின் விதிகள் 2021 ஜூன் 14 முதல் நடப்பில் இருக்கின்றன. நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரி 20 அன்று வெளியிட்ட வழிகாட்டி, காணொளியின் கீழே உள்ள குறிப்பில் மட்டும் போடாமல் காட்சியிலும் ஒலியிலும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அம்மையார் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன், “இந்தக் கல்லுக்காரங்க எனக்குக் காசு கொடுத்திருக்காங்க” என்று சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறார். திரையில் ‘கட்டண விளம்பரம்’ என்று தமிழில் நிற்கிறது. இதைச் சொல்ல வேண்டாம் என்று கேட்கும் நிறுவனத்துக்கு மறுப்பு எழுத இப்போது எனக்கு அனுமதி உண்டு.

பார்ட்டர் கடிதங்களில் கவனிக்க வேண்டியது வரி. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த 194ஆர் பிரிவின்படி, ஒரே நிறுவனத்திடமிருந்து ஓராண்டில் வந்த பொருளின் மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீத வரிப் பிடித்தம் அப்போது இருந்தது; காணொளி எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் அது ஆதாயமாகக் கொள்ளப்படாது என்று அரசின் சுற்றறிக்கை தெளிவாக்கியது. 24,000 ரூபாய் மதிப்புள்ள கிரைண்டர் ஒன்றை ‘இலவசமாக’ அனுப்ப முன்வந்தபோது இதை விளக்கினேன். அம்மையார், வீட்டில் இருக்கிற கிரைண்டரே ஓடுகிறது என்று சொல்லி வேண்டாம் என்றுவிட்டார்.

செய்தியும் விளம்பரமும்

நேர்காணல் கேட்டு வரும் கடிதத்துக்கும் விளம்பரம் கேட்டு வரும் கடிதத்துக்கும் ஒரே பதிலை அனுப்பக் கூடாது என்பதை நான் தாமதமாகவே கற்றேன். செய்தியாளர் காசு கொடுக்கவும் மாட்டார், வாங்கவும் கூடாது; அவரிடம் கேட்க வேண்டியவை எந்த இதழுக்கு, எந்த மொழியில், எத்தனை நேரம், படம் எடுப்பார்களா, கணவரின் உடல்நிலை போன்ற வீட்டு விஷயங்களைத் தொடுவார்களா என்பவை மட்டுமே. எழுதியதை அச்சுக்கு முன் காட்டுங்கள் என்று கேட்பதில்லை. மேற்கோள்களைத் தொலைபேசியில் ஒருமுறை வாசித்துக் காட்ட முடியுமா என்று கேட்போம், பலரும் இசைகிறார்கள். ‘சாதனைப் பெண்மணி’ விருதுக்குத் தேர்வாகியிருக்கிறீர்கள், பதிவுக் கட்டணம் மட்டும் செலுத்துங்கள் என்று வருபவற்றுக்கு ஒரே வரியில் மறுப்புப் போகும்.

இந்தப் பகுதியிலும் என்னால் ஒரு தவறு நடந்தது. தாராவியில் உள்ள தமிழ்வழி மாநகராட்சிப் பள்ளி ஆசிரியை ஒருவர், பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் பேச அம்மையார் வருவாரா என்று எழுதியிருந்தார். நான் அதை நிகழ்ச்சி அழைப்பு என்ற வகையில் சேர்த்து, கட்டண விவரத்தாளை இணைத்து அனுப்பிவிட்டேன். ஆசிரியை, எங்களால் இயலாது, மன்னிக்கவும் என்று பதில் எழுதினார். சனிக்கிழமை நோட்டிலிருந்து அதை வாசித்தபோது அம்மையார் பேச்சை நிறுத்திவிட்டார். பிறகு தொலைபேசியை வாங்கி, ஆசிரியையிடம் தாமே பேசி, அடுத்த வியாழக்கிழமை ஒரு தூக்கு நிறைய அதிரசத்தோடு போய்வந்தார்.

பொய்யான விசாரணைகள்

மோசடிக் கடிதங்கள் பெரும்பாலும் அழகான வாய்ப்பாகவே வரும். யூடியூபர்களுக்குப் பொய்யான கூட்டு விளம்பர வாய்ப்பை அனுப்பி, உலாவியில் சேமித்திருக்கும் நுழைவுக் குக்கீகளை (ஒருமுறை நுழைந்தவரிடம் மீண்டும் கடவுச்சொல் கேட்காமல் இருக்க உதவும் சிறு பதிவுகள்) திருடி, கடவுச்சொல்லே இல்லாமல் பக்கத்தைக் கைப்பற்றும் முறையைப் பற்றி கூகுளின் அச்சுறுத்தல் ஆய்வுக் குழு 2021 அக்டோபரில் விரிவாக எழுதியது. கனடாவின் லைனஸ் டெக் டிப்ஸ் போன்ற பெரிய பக்கமே 2023 மார்ச்சில் இப்படிப்பட்ட பொய்யான விளம்பரக் கடிதத்தால் பறிபோய், பிறகு மீட்கப்பட்டது. எங்களுக்கு வந்தது ஒரு வெளிநாட்டுப் பாத்திர நிறுவனத்தின் பெயரில். இணைப்பு ஒரு ஜிப் கோப்பு. அதைத் திறக்கும் கடவுச்சொல் கடிதத்திலேயே இருந்தது. வைரஸ் சோதிக்கும் மென்பொருள் உள்ளே பார்க்க முடியாமல் இருப்பதற்காகத்தான் இப்படிப் பூட்டி அனுப்புகிறார்கள். அனுப்பியவரின் முகவரியில் நிறுவனப் பெயரின் ஓர் எழுத்து மாறியிருந்தது. விண்டோஸ் கணினியில் கோப்பின் கடைசிப் பின்னொட்டு வழக்கமாக மறைந்திருக்கும் என்பதால், பி.டி.எஃப். போலத் தெரிவது உண்மையில் இயங்கும் நிரலாக இருக்கலாம். நான் அதைத் திறக்காமல், அந்த நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் இருந்த முகவரிக்கு எழுதிக் கேட்டேன். அப்படி யாரையும் அனுப்பவில்லை என்று மறுநாள் பதில் வந்தது. விளம்பரக் கடிதங்களைத் திறக்கும் கணினியில் அம்மையாரின் யூடியூப் கணக்கை இப்போது நாங்கள் திறந்து வைப்பதில்லை. பணமே போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய தேசிய சைபர் குற்ற உதவி எண் 1930. அது நோட்டின் முதல் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

2025 மார்ச் மாதம் அதிகாரக் கடிதத்தைப் புதுப்பிக்க எடுத்துக்கொண்டு போனேன். நான் எழுதியிருந்த மூன்று அனுமதிகளையும் அம்மையார் விரல் வைத்து மெதுவாகப் படித்தார். என் பேனாவை வாங்கி, அடியில் இருந்த வெற்றிடத்தில், “பள்ளிக்கூடம், கோயில், ஆஸ்பத்திரி கூப்பிட்டால் காசு பற்றி எழுதக் கூடாது, என்னிடம் கேட்க வேண்டும்” என்று நான்காவது வரியைத் தம் கையால் சேர்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.